ஜி மைனரில் ஓர் ஊர்வலம்

'லா கும்பர்சீட்டா'வின் பழைய பியானோ இசைத்தாளை முதன்முதலாகப் பார்க்கிறவர்களுக்குச் சற்று ஏமாற்றமாகத்தான் இருக்கும். டாங்கோ என்றதும் உலகம் முழுக்க எல்லோர் காதிலும் ஒலிக்கிற மெட்டு, தாளில் இவ்வளவுதானா என்று தோன்றும். முதல் பகுதி பெரும்பாலும் ஜி மைனர், டி செவன்த் என்ற இரண்டு கார்டுகளையே சுற்றி வருகிறது. மெட்டு என்று நாம் முணுமுணுப்பதும் அந்தக் கார்டுகளின் ஸ்வரங்களைப் பிரித்து மேலும் கீழுமாக அடுக்கியதுதான். எனக்கு அந்தத் தாளில் பிடித்ததே இந்தக் காலியிடம்தான். இவ்வளவு இடம் விட்டு எழுதப்பட்டதால்தான் ஒரு நூற்றாண்டாக வாசித்தவர்கள் எல்லோரும் தங்கள் கைச்சரக்கை அதில் வைக்க முடிந்திருக்கிறது. அக்கார்டியனில் வாசிக்க இந்த டாங்கோவின் நோட்டேஷனைத் தேடுகிறவர், தான் தேடுவது ஒரு முடிந்த தாளை அல்ல என்று தெரிந்துகொண்டால் தேடலில் பாதி முடிந்துவிடும்.

அந்தக் காலியிடம் வந்த விதமே சுவாரசியமானது. இதை இயற்றிய ஹெரார்தோ மாத்தோஸ் ரோட்ரிகஸ் 1897இல் உருகுவே நாட்டின் மொன்டெவிடியோவில் பிறந்தவர், கட்டடக்கலை மாணவர். இருபது வயதைத் தொடும் முன்பே, மாணவர் சங்கத்தின் கார்னிவல் ஊர்வலத்துக்காகப் பியானோவில் ஒரு மார்ச் மெட்டுப் போட்டார். அந்தச் சமயத்தில் புவனோஸ் ஐரிஸிலிருந்து வந்து, ஊரின் 'லா ஹிரால்தா' கஃபேயில் வாசித்துக்கொண்டிருந்தவர் பியானோக் கலைஞர் ரொபெர்தோ ஃபிர்போ. மாணவர்கள் தாளை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். ஃபிர்போ பிற்காலத்தில் சொன்னபடி, அதில் உருப்படியாக இருந்தது ஒரு பகுதிதான். மிச்சத்துக்குத் தன்னுடைய பழைய, எடுபடாமல் போன டாங்கோக்கள் இரண்டிலிருந்து எடுத்துச் சேர்த்தார். மார்ச் நடை டாங்கோ நடையானது. அரங்கேறிய நாள் என்று 1917 ஏப்ரல் 19ஐ உருகுவே கொண்டாடுகிறது. கஃபே இருந்த இடத்தில் இன்று பலாசியோ சால்வோ என்ற உயர்ந்த கட்டடம் நிற்கிறது.

ஆக, முதல் மேடைக்கே இந்த மெட்டு இன்னொருவர் கை பட்டுத்தான் வந்தது. 1924இல் பாஸ்குவால் கொந்தூர்சியும் என்ரிகே மரோனியும் இயற்றியவரைக் கேட்காமலே அதற்குப் பாட்டு எழுதினார்கள். கார்லோஸ் கார்டெல் அதைப் பாடி இசைத்தட்டாக வெளிவந்ததும், கிட்டத்தட்ட மறந்துபோயிருந்த டாங்கோ மறுபடி எழுந்து நின்றது. தொடக்கத்தில், வயது வராத பையனாக இருந்த மாத்தோஸிடமிருந்து மிகச் சொற்பத் தொகைக்குப் பதிப்பு உரிமை கைமாறியிருந்தது. அந்தச் சிறுவயதையே காரணம் காட்டி அவர் அதைப் பின்னால் மீட்டார். பாட்டு எழுதியவர்களோடு நடந்த வழக்கு வருடக்கணக்கில் இழுத்து, 1948இல் பிரான்சிஸ்கோ கனாரோ நடுவராக உட்கார்ந்தபின் ஓய்ந்தது. அதே ஆண்டு மாத்தோஸ் இறந்துபோனார்.

இந்தக் கதைக்கும் அக்கார்டியன் தாளுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. இதுதான் மூலம், இதிலிருந்து ஒரு ஸ்வரமும் பிசகக் கூடாது என்று எந்தத் தாளையும் காட்ட முடியாத டாங்கோ இது. அச்சில் வந்தவை பெரும்பாலும் பியானோவுக்கானவை. இருபதாம் நூற்றாண்டின் முதல் சில பத்தாண்டுகளில் புவனோஸ் ஐரிஸ், மொன்டெவிடியோ வீடுகளின் கூடத்தில் பியானோ இருந்தது; அந்த வீட்டுப் பிள்ளைகள் வாசிக்கத்தான் பதிப்பகங்கள் படம் போட்ட அட்டையோடு நாலு பக்கத் தாள்களை விற்றன. கஃபேயில் வாசித்த இசைக்குழுக்காரர்கள் அந்தத் தாளை ஒருமுறை பார்த்துவிட்டு மடித்து வைத்திருப்பார்கள். பலருக்கு நோட்டேஷன் படிக்கவே தெரியாது. அப்படிக் காதால் வாசிப்பவர்களை அங்கே 'ஓரேஹேரோ' என்பார்கள். தாள் இல்லாமல், மேடையிலேயே பேசிவைத்துக்கொண்டு கூட்டாக வாசிப்பதற்கு 'ஆ லா பரீஷா' என்று பெயர். சுடுகம்பியில் இறைச்சி வாட்டுகிற அடுப்பிலிருந்து வந்த சொல். 1924இல் ஹூலியோ தெ காரோ தன் அறுவர் குழுவை அமைத்தபின்தான், யார் எந்த இடத்தில் எதை வாசிப்பது என்று எழுதிவைக்கும் பழக்கம் வேரூன்றியது. அந்தக் கைப்பிரதிகள் குழுக்களின் பெட்டிக்குள் இருந்தன, கடைக்கு வரவில்லை.

அவற்றிலும் அக்கார்டியனுக்கு என்று ஒரு வரி இருந்திருக்காது. டாங்கோவின் குரல் பாண்டோனியன். துருத்தியும் ரீடும் உள்ள குடும்பத்தில் அதுவும் அக்கார்டியனும் சகோதரர்கள். நம் ஹார்மோனியமும் அதே குடும்பம்தான். ஆனால் சுபாவம் வேறு. ஜெர்மனியின் கிரெஃபெல்ட் நகரத்து ஹைன்ரிஷ் பாண்ட் என்ற இசைக்கருவி வியாபாரியின் பெயரைத் தாங்கிய இந்தக் கருவி, பிற்காலத்தில் சாக்சனி மலைப்பகுதியில் கார்ல்ஸ்ஃபெல்ட் என்ற சிற்றூரில் ஆல்ஃப்ரெட் ஆர்னோல்ட் பட்டறையில் மிக உயர்ந்த தரத்தை எட்டியது. 'இரட்டை ஏ' என்று வாத்தியக்காரர்கள் கொண்டாடுவது அந்தப் பட்டறைக் கருவிகளைத்தான். வலக்கைக்கு 38 பொத்தான்கள், இடக்கைக்கு 33. துருத்தியை விரிக்கும்போது ஒரு ஸ்வரம், மூடும்போது வேறொரு ஸ்வரம் என்று ஒவ்வொரு பொத்தானும் இரண்டு குரல் கொடுக்கும். அப்படியென்றால் வாசிப்பவர் கற்க வேண்டிய விரலமைப்பு நான்கு. இரண்டாம் உலகப்போருக்குப் பின் கார்ல்ஸ்ஃபெல்ட் பட்டறை கிழக்கு ஜெர்மனி அரசின் கைக்குப் போய், காலப்போக்கில் பாண்டோனியன் செய்வதே நின்றுபோனது. பழைய கருவிகள் அரிதாகி விலை ஏறின. டாங்கோவின் மேல் ஆசைப்பட்டவர்கள் பலர் கையில் கிடைத்த அக்கார்டியனை மாட்டிக்கொண்டதற்கு இது ஒரு காரணம்.

வேறொரு காரணம் ஐரோப்பா. முதல் உலகப்போருக்குச் சற்று முன் டாங்கோ பாரிஸைப் பிடித்து ஆட்டியது. அங்கே நடனக்கூடங்களில் ஏற்கெனவே அக்கார்டியன் ஆட்சி செய்துகொண்டிருந்தது. வால்ஸ், ஜாவா என்ற நடனங்களுக்கு நடுவே டாங்கோவும் அதே கையால் வாசிக்கப்பட்டது. இத்தாலியின் ரொமாஞ்ஞா பகுதி நடனமேடைகளிலும் அப்படித்தான். பின்லாந்திலோ டாங்கோ அந்த மண்ணின் சொந்தப் பாட்டாகவே மாறி, அக்கார்டியனோடு குடும்பம் நடத்தத் தொடங்கியது. செய்னாயோக்கி நகரில் 1985 முதல் ஆண்டுதோறும் டாங்கோ திருவிழா நடக்கிறது. ஆகவே 'அக்கார்டியனுக்கான டாங்கோ தாள்' என்று இன்று கடையில் கிடைப்பவற்றில் பெரும்பகுதி இந்த ஐரோப்பிய வழியில் வந்தது. அதில் நல்லவை உண்டு. ஆனால் 'லா கும்பர்சீட்டா'வுக்கு அந்த வழித் தாளை எடுத்தால் பாரிஸ் நடனக்கூடம்தான் ஒலிக்கும். மொன்டெவிடியோ கஃபே ஒலிக்காது. இரண்டில் எது வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு தேடுவது நல்லது. எனக்கு வேண்டியது நதிக்கரை ஒலி. ரியோ தெ லா பிளாத்தாவின் இரு கரைகளிலும் உள்ள அந்த இரண்டு நகரங்களின் ஒலி.

தாள் கைக்கு வந்ததும் நான் முதலில் பார்ப்பது மெட்டை அல்ல. மெட்டு எல்லாத் தாளிலும் ஒன்றுதான். வரியின் தலைப்பில் மூன்று அறைகளாகப் பிரித்த ஒரு சின்ன வட்டம் இருக்கும். எந்த ரீடு வரிசைகள் திறந்திருக்க வேண்டும் என்பதைப் புள்ளிகளால் சொல்லும் அடையாளம் அது. நடு அறையில் ஒரு புள்ளி, கீழ் அறையில் ஒரு புள்ளி என்றிருந்தால், தாளைத் தயாரித்தவருக்கு டாங்கோ தெரிந்திருக்கிறது. அக்கார்டியன்காரர்கள் அந்த ஸ்விட்சுக்கே பாண்டோனியன் என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். பாண்டோனியனில் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் இரண்டு ரீடுகள் உண்டு, சரியாக ஓர் ஆக்டேவ் இடைவெளியில். அவற்றுக்குள் அலைவு கிடையாது. நேரான, கொஞ்சம் மூக்கடைத்த, ஊடுருவுகிற குரல். நடு அறையிலேயே இரண்டு மூன்று புள்ளிகள் இருந்தால் அது மியூசெட். ஒரே ஸ்வரத்தின் ரீடுகளைச் சற்றே பிசகவைத்துச் சுருதி சேர்ப்பதால் வரும் நடுக்கம் பாரிஸ் வால்ஸுக்கு உயிர். 'லா கும்பர்சீட்டா'வின் பிரிந்து நடக்கிற ஸ்வரங்கள் மேல் அந்த நடுக்கத்தைப் பூசினால், விளிம்பு மழுங்கி நடை கலைந்துபோகிறது. உயர்ந்த ரக அக்கார்டியன்களில் இந்த இரண்டு வரிசை ரீடுகளையும் உள்ளே தனியான ஒரு மர அறைக்குள் வைத்திருப்பார்கள். கஸோட்டோ என்பது அதன் பெயர். அதிலிருந்து வருகிற கனிந்த ஒலி பாண்டோனியனுக்கு இன்னும் கிட்டே போகும்.

அடுத்து இடக்கை. அக்கார்டியன் ஏற்பாட்டின் (அரேஞ்ச்மென்ட்) தரம் முழுக்க இங்கேதான் வெளிப்படும். சாதாரணமாகப் புழங்குகிற 120 பேஸ் கருவியில், இடக்கைப் பொத்தான்கள் ஆறு வரிசையில் இருபது கட்டாக நிற்கின்றன. ஒரு கட்டில் மூல ஸ்வரம், அதன் மூன்றாம் ஸ்வரம், பிறகு மேஜர், மைனர், செவன்த், டிமினிஷ்ட் என்று தயாராகச் சேர்த்துவைத்த கார்டுகள். பக்கத்துக் கட்டு ஐந்தாம் ஸ்வரத்தில் தொடங்கும். ஜிக்கு ஒரு பக்கம் டி, மறுபக்கம் சி. 'லா கும்பர்சீட்டா' வழக்கமாக அச்சாகிற ஜி மைனரில் வேண்டியவையெல்லாம் கைக்கடியில் வந்து நிற்கின்றன: ஜி மைனர், அதை ஒட்டி டி செவன்த், இந்தப் பக்கம் சி மைனர். தொடங்கிய சில மாதத்திலேயே ஒருவரால் இதன் முதல் பகுதியின் இடக்கையைத் தட்டுத்தடங்கலின்றி வாசித்துவிட முடியும்.

அந்தச் சுலபத்தில்தான் ஆபத்து இருக்கிறது. பேஸ், கார்டு, பேஸ், கார்டு என்று மாறி மாறி அடிக்கிற பழக்கம் இந்தப் பொத்தான்களின் அமைப்பிலேயே ஊறியிருக்கிறது. போல்காவுக்கு அதுதான் சரி. தாளில் இடக்கை முழுக்க அப்படி எழுதியிருந்தால் அதை நான் மூடிவைத்துவிடுவேன். டாங்கோவின் அடிப்படை நடை மார்காத்தோ: நான்கடியிலும் அழுத்தமாக, வெட்டி வெட்டி நடப்பது. அக்கார்டியனில் அதற்குப் பேஸையும் கார்டையும் சேர்த்தே அழுத்தி, விரலைச் சட்டென்று எடுத்துவிட வேண்டும். நல்ல ஏற்பாட்டாளர் தாளில் அதைச் சேர்த்தே எழுதியிருப்பார். சில இடங்களில் நான்குக்குப் பதில் இரண்டு அடி மட்டும் கொடுத்திருப்பார். வாக்கியம் முடிகிற இடத்தில் இடக்கையை முழுக்க நிறுத்தி மௌனக்குறி போட்டிருப்பார். இடக்கையில் மௌனக்குறி இருக்கிறதா என்று பார்ப்பது தாளை எடைபோட நான் கண்ட மிகச் சுருக்கமான வழி.

கருவியின் எல்லைகளை அறிந்து எழுதியிருக்கிறாரா என்பதும் அதே இடத்தில் தெரிந்துவிடும். இடக்கையின் தனி ஸ்வரங்கள் பன்னிரண்டுதான். ஓர் ஆக்டேவுக்கு மேல் போகாது. பியானோத் தாளில் படிப்படியாக இறங்குகிற பேஸ் வரியை அப்படியே இங்கே பெயர்த்தால் எங்கோ ஓர் இடத்தில் அது மேலே துள்ளிவிடும். கார்டுகளும் நெருக்கமாக அடைத்தவை. பாண்டோனியனின் இடக்கையில் இந்தக் கட்டுப்பாடு இல்லை. ஒவ்வொரு பொத்தானும் தனி ஸ்வரம் என்பதால் விரிந்த கார்டும் போடலாம், எதிர்மெட்டும் வாசிக்கலாம். எனவே பாண்டோனியன் தாளை அக்கார்டியனுக்கு மாற்றுகிறவர், இடக்கை எதிர்மெட்டை வலக்கையின் கீழ்விரல்களுக்குக் கொண்டுவரலாமா, விட்டுவிடலாமா என்று ஒவ்வொரு வரியிலும் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. தனி ஸ்வர இடக்கை கொண்ட கன்வெர்ட்டர் அக்கார்டியன் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. மற்றவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. 'லா கும்பர்சீட்டா' இவ்வளவு மெலிந்த உடம்போடு இருப்பது இங்கே வரமாகிறது: விட்டுவிட்டாலும் குறையாத மெட்டு இது.

சேர்த்தாலும் தாங்குகிற மெட்டும்கூட. முதல் பகுதியில் மேல் ஸ்வரங்கள் ஏறக்குறைய துணை வாசிப்பு மாதிரி இருப்பதால், பெரிய இசைக்குழுக்கள் அதன் மேல் வயலினில் நீண்ட எதிர்மெட்டு ஒன்றை இழைத்தன. பலர் மனத்தில் 'லா கும்பர்சீட்டா' என்று பதிந்திருப்பது இரண்டும் சேர்ந்ததுதான். தாளைத் தேடுகிறவர் அந்த எதிர்மெட்டும் உள்ள பதிப்பாகக் கிடைத்தால் விடக் கூடாது. முதல் முறை மெட்டைத் தனியாக வாசித்து, மறுபடி வரும்போது வலக்கையின் மேல்விரல்களில் எதிர்மெட்டை நீட்டிப் பிடித்து, கீழ்விரல்களில் அசல் மெட்டை வெட்டி வாசிக்கிற ஏற்பாடு, கேட்பதற்கு ஒருவர் வாசிப்பது போலவே இருக்காது. விரல்களுக்கு அது கடினம். பொத்தான் அக்கார்டியன்காரர்களுக்கு அகன்ற கார்டுகள் சுலபமாக எட்டும். கட்டை அக்கார்டியன்காரர்கள் கட்டை விரலைச் சாமர்த்தியமாக நகர்த்த வேண்டும்.

இதெல்லாம் தாளில் காண்பது. டாங்கோவின் இன்னொரு பாதி தாளில் ஏறாது. கர்நாடக சங்கீத ஸ்வரப்படுத்தலை வைத்துப் பாடியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை; ஸ்வரம் எழுதியிருக்கும், கமகம் குருவிடம் இருக்கும். பழைய டாங்கோப் பதிப்புகள் 2/4 தாளம் போட்டு, எட்டாம் பங்குகளை ஒழுங்காக வரிசையில் நிறுத்தியிருக்கும். அப்படியே வாசித்தால் பள்ளிக்கூட மார்ச் மாதிரி ஒலிக்கும். வாசிக்கிறவர்கள் அதை நான்கடியாகப் பிடித்து, மெட்டின் ஸ்வரங்களை வாக்கியத்துக்குள் முன்னும் பின்னும் தள்ளுவார்கள்: சில ஸ்வரங்கள் நெருக்கப்படும், சில காத்திருக்கும், கடைசியில் எல்லாம் அடிக்குச் சரியாக வந்து சேரும். இதை ஃப்ரசேயோ என்கிறார்கள். பாட்டாகக் கேட்டவர்களுக்கு இது சுலபமாக வரும்; கார்டெல் பாடிய தட்டைக் கேட்டுவிட்டுத் தாளைத் திறந்தால், அச்சான எட்டாம் பங்குகள் அவர் உச்சரிப்பின்படி தாமாகவே நகர்ந்துகொள்கின்றன.

அர்ராஸ்த்ரே என்று இன்னொன்று. அடி விழுவதற்குச் சற்று முன்பிருந்தே ஒலியை இழுத்துக்கொண்டு வந்து அடியின் மேல் போடுவது. பாண்டோனியன்காரர் உட்கார்ந்து, கருவியைத் தொடை மேல் வைத்து, துருத்தியின் எடையையும் முழங்காலையும் கொண்டு அந்த அழுத்தத்தை உண்டாக்குகிறார். நெஞ்சோடு வாரால் கட்டிய அக்கார்டியனுக்கு அந்த வசதி இல்லை. கீழ் ஸ்வரத்தைக் காற்றே இல்லாத மாதிரி மெல்ல எடுத்து, அடியை நோக்கி இடக்கை மணிக்கட்டால் துருத்தியை வேகமாக இழுத்து, அடி விழுந்ததும் நிறுத்திவிட வேண்டும். தாளில் இதற்கு இருப்பது ஒரு சின்னச் சாய்வுக்கோடு அல்லது அதுவும் இல்லை. துருத்தி எங்கே விரிய வேண்டும், எங்கே மூட வேண்டும் என்று அம்புக்குறி போட்ட பதிப்புகள் கிடைத்தால் அவற்றை மதிக்க வேண்டும். எழுதியவர் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறார்.

இந்த எழுதாத பாதி காணாமல் போய்விடக் கூடாது என்ற கவலை புவனோஸ் ஐரிஸிலேயே இருந்தது. 1950களுக்குப் பிறகு பெரிய இசைக்குழுக்கள் ஒவ்வொன்றாகக் கலைந்தபோது, அந்தக் குழுக்களுக்குள் கைமாறிவந்த வித்தையும் நின்றது. 2000இல் இக்னாசியோ வர்சாவ்ஸ்கி என்ற டபுள் பேஸ் கலைஞர் தொடங்கிய டாங்கோ பள்ளி இசைக்குழு, அப்போது உயிரோடிருந்த முதியவர்களை அழைத்து இளைஞர்கள் பக்கத்தில் உட்காரவைத்தது. தலைமை ஏற்றவர் எமீலியோ பால்கார்சே, புக்லியேசேயின் டாங்கோ இசைக்குழுவில் வயலின் வாசித்தவர், அப்போது எண்பதைத் தாண்டியவர். பழைய ஏற்பாடுகளை மேசையில் வைத்துக்கொண்டு இந்த அடியை எப்படிப் போட்டோம், இந்த இடத்தில் எவ்வளவு இழுத்தோம் என்று சொல்லிக்கொடுத்தார். அந்தக் குழுவுக்கு இப்போது அவர் பெயரே சூட்டப்பட்டிருக்கிறது. பாண்டோனியன், வயலின், பியானோ என்று ஒவ்வொரு கருவிக்குமான டாங்கோ வாசிப்பு நூல்களும் பிறகு வந்தன. அக்கார்டியன்காரர் பாண்டோனியன் நூலைப் படித்தால் போதும். விரலமைப்பை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளலாம்.

நூல் கிடைக்காதவர்களுக்கு இசைத்தட்டுகள் இருக்கின்றன. தாளை மடியில் வைத்துக்கொண்டு ஒரே டாங்கோவைப் பலர் வாசித்திருப்பதைக் கேட்பதைப் போன்ற கல்வி வேறில்லை. ஹுவான் தாரியென்ஸோ 'லா கும்பர்சீட்டா'வைப் பலமுறை பதிவு செய்தார். 1937இலும் 1951இலும் செய்தவற்றை அடுத்தடுத்துக் கேட்கலாம். தாளத்தின் அரசன் என்று பெயரெடுத்தவர். அவர் குழுவில் எல்லா ஸ்வரமும் நறுக்கென்று துண்டாகி விழும். இடக்கை மார்காத்தோவை அங்கே கற்கலாம். 1955இல் கார்லோஸ் தி சார்லி பதிவு செய்ததில் வயலின்கள் நீள நீளமாக இழைகின்றன, பாண்டோனியன்கள் பின்னால் ஒதுங்கி நிற்கின்றன, தலைவரின் பியானோ இடுக்குகளில் மணி மாதிரி விழுகிறது. எதிர்மெட்டை எப்படி நீட்டுவது என்பதற்கு அதுதான் பாடம். அனீபல் த்ரோய்லோவின் 1943ஆம் ஆண்டுப் பதிவு இரண்டுக்கும் நடுவில். த்ரோய்லோ குழுவில் இளைஞராக ஏற்பாடுகள் எழுதியவர் ஆஸ்தோர் பியாசோலா. அவர் எழுதிக்கொண்டுவந்த தாளில் த்ரோய்லோ ரப்பரை எடுத்து ஸ்வரங்களை அழித்துத் தள்ளுவார் என்பது டாங்கோ உலகில் எல்லோரும் அறிந்த சங்கதி. நடனமாடுகிறவர்களின் கால் குழம்பக் கூடாது என்பது அவர் கணக்கு. அக்கார்டியன் தாளோடு உட்காருகிறவர் பக்கத்திலும் ஒரு ரப்பர் இருக்கட்டும்.

பியாசோலா பின்னால் அந்த ரப்பருக்கு எட்டாத இடத்துக்குப் போனார். 1959இல் தகப்பனார் இறந்த செய்தி கேட்டு நியூயார்க்கில் எழுதிய 'அதியோஸ் நோனினோ', 1974இன் 'லிபெர்டாங்கோ' ஆகியவற்றில் என்ன ஒலிக்க வேண்டும் என்பது பெருமளவு தாளிலேயே இருக்கிறது. அவற்றுக்கு அக்கார்டியன் பதிப்பு தேடுவது எளிது, உரிமம் பெற்ற பதிப்பை விலை கொடுத்து வாங்கினால் போதும். அவர் 1992இல் இறந்ததால் இந்தியச் சட்டப்படி 2052 முடியும்வரை உரிமை உண்டு. மாத்தோஸ் ரோட்ரிகஸின் மெட்டுக்கு இங்கே 2008உடன் உரிமை முடிந்துவிட்டது. 1919இல் மறைந்த ஆங்கெல் வில்லோல்தோவின் 'எல் சோக்லோ'வும், 1935இல் விமான விபத்தில் ஒன்றாக இறந்த கார்டெல், பாடலாசிரியர் லெ பெரா இருவரின் 'போர் உனா கபேசா'வும் அப்படியே. ஆனால் இந்த மெட்டுகளுக்கு இன்று ஒருவர் செய்த அக்கார்டியன் ஏற்பாடு அவருடையது. வேலை தெரிந்து செய்தவருக்குக் காசு கொடுத்து வாங்குவதுதான் முறை. இடக்கையில் மௌனக்குறி போடத் தெரிந்தவர்கள் அவ்வளவு பேர் இல்லை.

நதிக்கரைக்கே போக வாய்ப்புள்ளவர்கள், மொன்டெவிடியோவில் ஞாயிறு காலை திரிஸ்தான் நர்வாஹா தெருச் சந்தையிலும், புவனோஸ் ஐரிஸில் அதே ஞாயிறு சான் தெல்மோ சந்தையிலும் பழைய பியானோத் தாள்களைப் புரட்டலாம். பழுப்பேறிய அந்த நாலு பக்கத் தாளை அக்கார்டியனுக்கு நானே மாற்றிக்கொள்வேன் என்பவர்களுக்கு ஒரு யோசனை: வலக்கையை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், இடக்கையைப் படிக்காதீர்கள், அதிலுள்ள கார்டின் பெயரை மட்டும் மேலே எழுதிக்கொள்ளுங்கள், நடையைத் தாரியென்ஸோவின் தட்டிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். சுருதியை மாற்ற வேண்டாம். ஜி மைனரில் கை பழகிவிட்டால் டாங்கோ மேடையில் யாரோடும் சேர்ந்து வாசிக்கலாம். நடன இரவுகளில் கடைசி ஆட்டத்துக்கு 'லா கும்பர்சீட்டா' வாசிப்பது மரபு என்பதால் அந்த வாய்ப்பு கட்டாயம் வரும். இந்த மெட்டுக்காக இரண்டு கரைகளும் உரசிக்கொண்டதும் உண்டு. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக் தொடக்க அணிவகுப்பில் அர்ஜென்டினா அணி இந்த மெட்டுக்கு நடந்துவந்தபோது உருகுவே கண்டனம் தெரிவித்தது. தன் பண்பாட்டுக் கீதம் என்று சட்டமே இயற்றிவைத்திருக்கிற நாடு அது. ஆனாலும் இரண்டு நாடுகளும் சேர்ந்தே விண்ணப்பித்துத்தான் 2009இல் டாங்கோ யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது.

கடைசியாக வரியாசியோன். கடைசிச் சுற்றில் பாண்டோனியன்கள் மெட்டைப் பதினாறாம் பங்குகளாகப் பொடித்து ஓடுகிற பகுதி. எளிய பதிப்புகள் இதை விட்டுவிடும். விட்ட பதிப்பை வாங்க வேண்டாம். வாசிக்க வராவிட்டாலும் தாளில் அது இருக்க வேண்டும், என்றாவது ஒரு நாள் வரும். இத்தனை நேரம் பாண்டோனியனிடம் இருப்பதும் அக்கார்டியனிடம் இல்லாததுமாகச் சொல்லிவந்தேன். இந்தப் பக்கத்தில் நிலைமை தலைகீழ். விரிக்கும்போது ஒரு ஸ்வரம், மூடும்போது வேறு ஸ்வரம் என்பதால் பாண்டோனியன்காரர் பெரும்பாலும் விரிக்கும் திசையிலேயே இந்த ஓட்டத்தை முடிக்கப் பார்க்கிறார். நடுவில் காற்று விசையை அழுத்தித் துருத்தியைச் சட்டென்று மூடி மறுபடி தொடங்குகிறார். அக்கார்டியனில் எந்தத் திசையிலும் அதே கட்டைக்கு அதே ஸ்வரம். ஆகவே துருத்தியின் திருப்பத்தை விரல்களின் வசதிக்காக அல்லாமல் வாக்கியத்துக்காக வைக்கலாம்: நான்கு அடிக்கு ஒருமுறை, ஜி மைனரிலிருந்து டி செவன்த்துக்குப் போகிற அந்த அடியின் தலையில். அங்கே திருப்பினால் துருத்தியின் உதறலே அழுத்தமாக விழுகிறது, தாரியென்ஸோவின் பாண்டோனியன் வரிசை ஐந்தும் சேர்ந்து அடித்த மாதிரி. தாளில் அந்த இடத்தில் அம்புக்குறி இல்லையென்றால் பென்சிலால் போட்டுக்கொள்ளுங்கள்.